துவக்குப் படம் போட்ட உடுப்பு

1

இந்தக் கோடையின் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கென் தன்னுடைய ஜாக்கெற்றைக் கொண்டுவந்து எங்கள் கடை மேசையில் விரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அவர் அதைக் கேட்டிராவிட்டால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

வெம்பிளியில் உடுப்புத் திருத்தும் கடையொன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். காற்சட்டை குறைப்பது, ஸிப் மாற்றுவது, மெலிந்தவர்களுக்கு ஒடுக்குவது, கொழுத்தவர்களுக்கு இளக்குவது. கென் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்தே எங்களிடம் வருகிறார். கௌரி என்று அவருக்குச் சொல்ல வராது. 'கோரி' என்பார். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரத்தக்களரி என்று பொருள் இருப்பதாக என் மகள் ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். கென்னை நான் திருத்தவில்லை. பதினொரு வருடம் இரத்தக்களரியாகவே அவருக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தேன்.

கென் குறிபார்த்துச் சுடும் சங்கமொன்றில் உறுப்பினர். அனுமதிப்பத்திரத்தோடு இரண்டு கைத்துப்பாக்கிகள் வைத்திருந்தார். போன வருடம் வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளை ஒருவன் சுட்டுக் கொன்ற பிறகு இந்த நாட்டில் சட்டம் மாறியது. கைத்துப்பாக்கிகளை எல்லோரும் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். கென்னும் ஒப்படைத்துவிட்டார். ஜாக்கெற் மட்டும் மிஞ்சியது. வெளிறிப்போன பச்சை நிறம். முதுகில் தைத்த வட்டத் துணித் துண்டில் இரண்டு கைத்துப்பாக்கிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டிருக்க, சுற்றிச் சங்கத்தின் பெயர் நூலால் வேலை செய்யப்பட்டிருக்கும்.

"பஸ் தரிப்பில் ஒரு பெண் என்னை ஏசினாள், கோரி" என்றார். "வெட்கமில்லையா, பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிற்கும் இடத்தில் இதைப் போட்டுக்கொண்டு வர, என்று கேட்டாள். சட்டப்படி எல்லாம் செய்தவன் நான். பொலிஸ் வீட்டுக்கு வந்து அலுமாரிப் பூட்டைக்கூட இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி தந்தது. துப்பாக்கியைக் கொடு என்றார்கள், கொடுத்தேன். இப்போது துணியையும் போடக்கூடாதா?"

சங்கத்தில் இரண்டு கட்சியாம். ஒளித்துத் திரிந்தால் குற்றவாளிகள் என்று ஆகிவிடும், ஆகவே கட்டாயம் போடவேண்டும் என்று ஒரு பகுதி. செத்த பிள்ளைகளின் தாய்தகப்பனை நினைத்தாவது கழற்றி வைக்கவேண்டும் என்று மற்றப் பகுதி. அவருடைய மனைவி இரண்டாவது கட்சி.

"பதினொரு வருடத்துக்கு முன் இதை முதுகில் தைத்துத் தந்தவள் நீதான். பிரிக்கிறதா, விடுகிறதா? நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்."

நிறையத் தையல் கிடக்கிறது, சனிக்கிழமை வாருங்கள் என்று சொல்லி ஜாக்கெற்றை வாங்கி வைத்தேன்.

2

கென் சொன்னது சரி. அந்தத் துண்டைத் தைத்தது நான்தான். எண்பத்தாறாம் ஆண்டு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. துப்பாக்கிப் பிடியின் வரிவரியான வேலையைக்கூட அந்த நூலில் எவ்வளவு நுணுக்கமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்த்து அதிசயப்பட்டேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. ஊரில் தினமும் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான் லண்டனுக்கு வந்து நாலு வருடமாகியிருந்தது. நாலு வருடத்தில் ஒரு ஆளுக்கு இவ்வளவு மறந்துபோகும் என்று நான் நினைத்ததில்லை.

அந்த மாதந்தான் தம்பி ரகுவின் கடிதம் வந்தது. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதிக்கொண்டு கொழும்பில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். எங்களுக்கு அப்பா இல்லை. நான் மூத்தவள், அவன் கடைசி. கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தான்: 'அக்கா, ஆராவது வந்தால் எனக்கு ஒரு ரீசேர்ட் குடுத்துவிடுங்கோ. பொத்தான் வைச்சது வேண்டாம். லண்டன் எண்டு பார்த்த உடனே தெரியவேணும்.'

அவன் என்னிடம் கேட்ட முதல் சாமான் அதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என் கணவரைக் கூட்டிக்கொண்டு வெம்பிளிச் சந்தைக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் தாரணி தள்ளுவண்டிலில் நித்திரை. ஒரு கடையில் கறுப்பு ரீசேர்ட்டுகளை வரிசையாகக் கொழுவியிருந்தார்கள். மோட்டார்சைக்கிள் படம் போட்டது ஒன்று, கழுகு ஒன்று, துப்பாக்கி ஒன்று. துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம். நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளி நிறத்தில் நீளமான கைத்துவக்கு. மூன்றிலும் அதுதான் கூடுதலாக மினுங்கியது. அதைத்தான் எடுத்தேன்.

"அது வேண்டாம் கௌரி, வேறை பாரும்" என்றார் அவர். "அங்கை இருக்கிற நிலைமைக்குத் துவக்குப் படமெல்லாம் சரிவராது."

"சும்மா இருங்கோ. படந்தானே."

"மோட்டார்சைக்கிளும் நல்லாத்தானே இருக்கு?"

"இவன் பெடியன் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறான். உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

இவ்வளவுதான் பேசினோம். ஒரு நிமிடமும் ஆகியிராது. ஊருக்குப் போன ஒருவரின் கையில் அதைக் கொடுத்துவிட்டேன். பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் பின்னும், நான் அப்போதே சொன்னேன்தானே என்று அவர் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. நல்ல மனுசன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருநாளாவது சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் பேசாமல் இருக்கிறார். நான் தினமும் அந்தப் பேசாத பேச்சைக் கேட்டுக்கொண்டு சமைக்கிறேன்.

3

ரகுவுக்கு நடந்தது இது.

கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. புறப்படும்போது அந்த ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றவனைக் கண்டு அம்மா தடுத்திருக்கிறா. இதோடை படலை தாண்டாதை என்று சொல்லியிருக்கிறா. அவன் சிரித்துவிட்டு மேலே ஒரு வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருக்கிறான். கொழும்பில் போய் இறங்கியதும் மேற்சட்டையைக் கழற்றிவிடலாம் என்பது அவனுடைய கணக்கு.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிற்பாட்டினார்கள். வாலிபர்களை மட்டும் இறக்கி வெயிலில் வரிசையாக நிற்கவைத்தார்கள். துவக்குப் பிடித்துப் பழகிய தோளில் தழும்பு இருக்கும் என்று சேர்ட்டைக் கழற்றிப் பார்ப்பது அப்போது வழக்கம். ரகுவின் முறை வந்தது. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். உள்ளே இருந்து துவக்கு வெளியே வந்தது.

சோதித்த சிப்பாய் முதலில் சிரித்தானாம். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினானாம். பிறகு சிங்களத்தில், இது எங்கேயிருந்து என்று கேட்டிருக்கிறான். உடுப்பைத்தான் கேட்கிறான் என்று நினைத்து ரகு ஒரு சொல்லில் பதில் சொன்னான்.

"லண்டன்."

லண்டனிலிருந்து யார் துவக்கு அனுப்புகிறார்கள், எந்த இயக்கத்துக்கு வருகிறது, எங்கே இறக்குகிறார்கள் என்று ஒன்பது மாதம் கேட்டார்கள். இரண்டாம் கிழமை வலது காலில் சூடு பட்டது. ஓடப் பார்த்ததாக எழுதினார்கள். கையைப் பின்னால் கட்டி இருத்தியிருந்தபோதுதான் சுட்டார்கள் என்று ரகு சொன்னான். அதுவும் எனக்குச் சொல்லவில்லை. இங்கே வழக்கறிஞருக்குச் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

அவனைப் பிடித்த சேதி அம்மாவின் கடிதத்தில் ஒரு மாதம் கழித்து எனக்கு வந்தது. 'நீ அனுப்பின உடுப்பாலை' என்று எழுதி, அதை வெட்டிவிட்டு, 'ஒரு உடுப்பாலை' என்று மாற்றி எழுதியிருந்தா. வெட்டின எழுத்து நன்றாகவே தெரிந்தது.

4

விடுபட்டு, காணி விற்று, பல நாடு சுற்றி, தொண்ணூறாம் ஆண்டு ரகு லண்டனுக்கு வந்து சேர்ந்தான். விமான நிலையத்திலிருந்து ஹரோவில் உள்ள எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். வலது காலை இழுத்து நடந்தான். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். உடுப்பைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. முதல் நாள் எடுக்காத பேச்சை இரண்டாம் நாள் எடுப்பது கஷ்டம். ஏழு வருடம் கழித்து எடுப்பது எப்படி இருக்கும் என்று பிறகு சொல்கிறேன்.

அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை வைத்தார்கள். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டு அம்மா ஒருவர். தங்கமானவர், ரகுவுக்குத் தன் போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாராம். ஆனால் அவருடைய தமிழும் எங்களுடைய தமிழும் ஒன்றல்ல என்பது அறைக்குள் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

எதற்காகப் பிடித்தார்கள் என்று அதிகாரி கேட்டார்.

"துவக்குப் படம் போட்ட உடுப்புப் போட்டிருந்தனான். அதாலைதான்."

அந்த அம்மாவுக்குத் துவக்கு என்றால் ஆரம்பம். தொடக்கத்தைக் குறிக்கும் படமொன்று போட்ட உடுப்பை அணிந்ததால் கைதானேன் என்று ஆங்கிலத்தில் பதிவானது. காலில் என்ன காயம் என்று கேட்டார்கள். சூடு பட்டது என்றான். நெருப்புச் சுட்ட காயம் என்று பதிவானது. ஆனால் வைத்தியர் கொடுத்த அறிக்கையில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த காயம் என்று இருந்தது. முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார், நம்பத் தகுந்தவர் அல்லர் என்று பதில் வந்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ரகு அன்று சிரித்தான். "அக்கா, தொடக்கத்தின்ரை படமாம். எது தொடங்கினது எண்டு கேக்காமல் விட்டிட்டினம்."

மேன்முறையீடு, வழக்கறிஞர், புது மொழிபெயர்ப்பு என்று இரண்டரை வருடம் போனது. கென்கூட ஒரு கடிதம் எழுதித் தந்தார். என் தம்பியை இராணுவம் சுட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் அதற்காகக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, தன் அழகான கையெழுத்தில், இந்தக் குடும்பத்தைத் தனக்குத் தெரியும், நேர்மையானவர்கள் என்று எழுதினார். கடைசியில் அகதி என்று ஏற்கவில்லை. ஆனால் தற்காலிகமாக இருக்கலாம் என்று ஒரு கடிதம் அனுப்பினார்கள். அது காலாவதியாகும்போதெல்லாம் மறுபடி விண்ணப்பிக்கவேண்டும்.

ரகு பெற்றோல் நிலையமொன்றில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தான். எழுத்தோ படமோ இல்லாத உடுப்பைத்தான் வாங்குவான். இந்த ஊரில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்பது தேடியவர்களுக்குத்தான் தெரியும். காலுறையில்கூட ஏதோ ஒரு சின்னம் இருக்கும். வேலைச் சீருடையில் கம்பனியின் சின்னம் இருந்தது. கோடையிலும் அதன்மேல் சுவெற்றர் போட்டுக்கொண்டு நிற்பான்.

அவனுடைய உடுப்பையெல்லாம் நான்தான் தோய்த்தேன். வெறும் சாம்பலும் நீலமும். தோய்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்லப்படுவது எனக்கு விளங்கும்.

5

தாரணிக்கு இவை எதுவும் தெரியாது. மாமாவுக்கு நாட்டுப் பிரச்சினையில் காலில் அடிபட்டது என்று சொல்லி வைத்திருந்தோம். அவள் கேட்கவுமில்லை. பதினாலு வயது. எங்களோடு பேசுவதெல்லாம் ஆங்கிலம். அம்மா, அப்பா, மாமா என்ற மூன்று சொற்கள் மட்டும் நடுவில் வந்துபோகும்.

போன மாரிக்கு முன், ஒரு சனிக்கிழமை மத்தியானம். சோறும் மீன்குழம்பும் சொதியும் வைத்துவிட்டு இருந்தேன். ரகு ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் வேலைக்குப் போயிருந்தார். சிநேகிதிகளோடு கடைத்தெருவுக்குப் போன தாரணி வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினாள்.

கறுப்பு ரீசேர்ட். நெஞ்சுக்குக் குறுக்கே கைத்துவக்கு. கீழே ஏதோ பாட்டுக் கோஷ்டியின் பெயர்.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. "கழட்டு அதை! இப்பவே கழட்டு!"

"வட்? அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பிக்சர்!"

படந்தானே என்கிறாள். சந்தையில் தள்ளுவண்டிலில் நித்திரையாகக் கிடந்த பிள்ளை. நான் சொன்னதை நித்திரையில் கேட்டிருப்பாளோ என்றுகூட ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். கையை ஓங்கிவிட்டேன்.

"விடுங்கோ அக்கா" என்றான் ரகு. "அவளுக்கு என்ன தெரியும். தாரணி, இஞ்சை வா. இதிலை இரு."

அவள் அழுதுகொண்டு வந்து அவனுக்கு எதிரே இருந்தாள். தன் பெற்றோல் நிலைய ஆங்கிலத்தில் அவன் மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். தன்னிடமும் இப்படி ஒன்று இருந்தது என்றான். பஸ், வெயில், வரிசை, பொத்தான்கள், லண்டன் என்று பதில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான். காற்சட்டையின் வலது காலை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினான். ஆறு வருடத்தில் அந்தக் காயத்தை நானும் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன்.

"பட் மாமா, ஹூ கேவ் இற் ரு யூ?" என்று தாரணி கேட்டாள். யார் தந்தது?

நான் அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்றேன். ரகு என் பக்கம் திரும்பவில்லை.

"லண்டனிலை இருந்த ஒரு சிநேகிதன் அனுப்பினவன்" என்றான்.

"வட் ஆன் இடியட்" என்றாள் தாரணி. எவ்வளவு மடையன்.

ரகு சொதியை எடுத்துச் சோற்றில் விட்டுப் பிசைந்தான்.

தாரணி மேலே போய் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தாள். அந்த ரீசேர்ட்டைத் தானே கொண்டுபோய்க் குப்பை வாளியில் போட்டாள். பிறகு மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கனநேரம் இருந்தாள். அன்றையிலிருந்து இரண்டு பேரும் ஒட்டு. தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்ப்பதும் அவன் நடக்கும்போது பக்கத்தில் மெதுவாக நடப்பதும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லி, அந்த மடையன் நான்தான் என்று சொல்ல, ஒரு வருடத்தில் எத்தனையோ நேரம் வாய்த்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தவுடன் வாய் ஒட்டிக்கொள்ளும்.

6

சொன்னபடி சனிக்கிழமை கென் வந்தார். முதலாளி அம்மா பின்னால் இயந்திரத்தில் இருந்தா. கடையில் வேறு ஆட்கள் இல்லை.

"என்ன முடிவு, கோரி?"

என்ன முடிவு என்று ஜாக்கெற்றை எடுத்து மேசையில் வைத்தபோதும் எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன், என் தம்பிக்கு நடந்ததைத்தான் சொல்ல வந்தது. எனக்கிருந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சந்தை, மோட்டார்சைக்கிள், கழுகு. என் கணவர் வேண்டாம் என்றதும் நான் படந்தானே என்றதும். என் வாயால் இன்னொரு ஆளுக்கு அதைச் சொன்னது அதுதான் முதல்முறை. சொந்த மொழியில் சொல்லமுடியாததை அந்த மொழியில் சொல்ல முடிந்தது. அதில் எனக்கு அழத் தெரியாது, அதனால் முடிந்தது என்று நினைக்கிறேன்.

கென் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ அறிந்து செய்யவில்லையே, கோரி. அது வெறும் படம்" என்றார். பிறகு, "அது உன்னுடைய நாடு. இங்கே அப்படி நடக்காது" என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ வந்தது கோபம்.

"ஓம், நடக்காதுதான்" என்றேன். "உங்களிடம் உண்மையான துவக்கு இருந்தது, படமும் இருந்தது. பஸ் தரிப்பில் ஒரு பெண் ஏசினாள். அவ்வளவுதான் நடந்தது. என் தம்பியைச் சுட்டவர்களின் உடுப்பில் துவக்குப் படம் இருக்கவில்லை. கையில் துவக்கு இருந்தது. அவனுடைய உடுப்பில் படம் இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. போடலாமா கூடாதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். நீங்கள் போடலாம். எங்கேயும் போடலாம். உங்களைத் தெருவில் நிற்கவைத்துக் கழற்றச் சொல்ல ஒருவரும் இல்லை. ஏச்சு வாங்கியது பெரிய காரியம் என்று இங்கே வந்து நிற்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது."

இயந்திரச் சத்தம் நின்றது. முதலாளி அம்மா எட்டிப் பார்த்தா.

கென்னின் முகம் சிவந்துபோயிருந்தது. திருப்பி ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"அந்தக் கடிதம் எழுதித் தந்தபோது இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? சங்க உறுப்பினர் என்பதை எழுத வேண்டாம் என்றுகூட நீ சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை."

சொல்லியிருந்தால், யார் அனுப்பியது என்பதையும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

"பிரித்துவிடு" என்றார்.

அவர் முன்னாலேயே தையலை வெட்டினேன். நான் போட்ட தையல், அடர்த்தியாக, சின்னச் சின்னதாக. கன நேரம் பிடித்தது. துண்டை எடுத்தபோது அடியில் இருந்த துணி வெளிறாமல் கடும் பச்சையாகவே இருந்தது. சுற்றிவர வெளிறிப்போய், நடுவில் வட்டமாக ஒரு புதுத் துணி. ஒட்டியிருந்த நூல் முனைகளைப் பொறுக்கிவிட்டுக் கொடுத்தேன். துண்டை ஒரு உறையில் போடச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மற்றக் கடைக்குப் போகிறார் என்று முதலாளி அம்மா சொன்னா. அவர் மேல் பிழையில்லை. ரகுவுக்கு அந்த நாட்டில் நடந்ததற்கு, இந்த நாட்டில் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தந்த ஒரே வெள்ளைக்காரரைப் பிடித்து ஏசினேன். வேறு யாரைப் பிடித்து ஏசுவது?

7

கென்னிடம் சொல்லிவிட்ட தைரியம் அடுத்த நாளும் மிஞ்சியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. தாரணியும் தகப்பனும் கடைக்குப் போயிருந்தார்கள். ரகு முன்னறையில் இருந்து சப்பாத்து மினுக்கிக்கொண்டிருந்தான். நான் போய் எதிரே இருந்தேன்.

"தம்பி, அண்டைக்குத் தாரணியிட்டை ஏன் பொய் சொன்னனீ?"

"எது பொய்?"

"சிநேகிதன் அனுப்பினவன் எண்டு."

அவன் தூரிகையை நிறுத்தவில்லை. "அப்ப என்ன சொல்லச் சொல்லுறீங்கள்? அவள் உங்கட பிள்ளை."

"நான்தான் அனுப்பினது. அத்தான் வேண்டாம் எண்டவர். மோட்டார்சைக்கிள் படம் போட்டதும் பக்கத்திலை தொங்கினது. நான்தான் கேக்கேல்லை. படந்தானே எண்டு சொன்னனான். உனக்கு இது தெரியாது."

"தெரியும்."

"எப்பிடி?"

"அத்தான் சொன்னவர். நான் வந்த முதல் வருஷமே. அக்காவை ஒண்டும் கேக்காதை, அவ தாங்கமாட்டா எண்டும் சொன்னவர்."

தாரணியைத் தவிர இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததை நான் மட்டும் இரகசியம் என்று காத்து வந்திருக்கிறேன்.

"அப்ப நீ என்னை மன்னிச்சுத்தான் விட்டனியோ, இவ்வளவு காலமும் பேசாமல்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஓம் என்று ஒரு சொல் வரும் என்ற பேராசையில்தான் கேட்டேன்.

சப்பாத்தைக் கீழே வைத்தான்.

"அக்கா, கோவம் இல்லாததாலை கேக்காமல் விடேல்லை" என்றான். சத்தம் உயரவே இல்லை. "கேட்டால் எனக்குப் போறதுக்கு வேறை வீடு இல்லை. விசா உங்கட முகவரிக்கு வருது. நான் சாப்பிடுறது உங்கட கையாலை. எப்பிடிக் கேக்கிறது? ஒவ்வொரு நாளும் சோத்துக் கோப்பையை நீங்கள் எனக்கு முன்னாலை வைக்கேக்கை கேக்க வாய் வரும். சோத்தை வைச்சு அடைச்சுப்போடுவன்."

"இப்ப கேள்" என்றேன். "இப்ப கேளன்ரா."

"இப்ப என்னத்தைக் கேக்க? நீங்களே சொல்லிப்போட்டீங்கள். சொல்லி உங்கடை பாரத்தை இறக்கிப்போட்டீங்கள். என்ரை பாரம் அப்பிடியே கிடக்கு."

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவன் சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். ஒரு படி ஏறி, மற்றக் காலை இழுத்து அதே படியில் வைத்து, அடுத்த படி. அந்தச் சத்தத்தை ஏழு வருடம் கேட்டிருக்கிறேன். அன்று பதின்மூன்று படியையும் எண்ணினேன்.

அடுத்த மாதம் சட்டனில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அங்கே பெற்றோல் நிலையத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னான். எனக்கும் அதையே சொன்னான். லண்டனின் மற்றக் கரை அது. ரெயின் மாறி மாறிப் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகும். போகும்போது என் கணவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னான். என்னைக் கட்டிப்பிடித்தான். அழவில்லை. தன்னுடைய தோய்த்து மடித்த உடுப்புகளை ஒரு பையிலும், தோய்க்காதவற்றை இன்னொரு பையிலும் எடுத்துப் போனான். தோய்க்காததை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "வேண்டாம் அக்கா, இனி நான் பாக்கிறன்" என்றான்.

தாரணிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ரகுவும் சொல்லமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு அவன் என்னைப் பாதுகாக்கிறான். அதைப் பாசம் என்று எடுப்பதா, தண்டனை என்று எடுப்பதா என்பது இரவிலும் பகலிலும் எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் தொலைபேசி அடிக்கும். தாரணி ஓடிப்போய் எடுப்பாள். வீட்டு நடையில் படிக்கட்டின் அடியில் சுருண்டு இருந்துகொண்டு அரை மணித்தியாலம் பேசுவாள், சிரிப்பாள். பள்ளிக்கூடக் கதை, உதைபந்தாட்டக் கதை. நான் அடுப்படியில் தண்ணீரை மெல்லியதாகத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பேன். கடைசியில் தாரணி வழக்கமாக ஒன்று கேட்பாள். அதை மட்டும் தமிழில் கேட்பாள்.

"மாமா, அம்மா நிக்கிறா. குடுக்கவா?"

நான் கையைத் துடைப்பேன்.

"ஓகே மாமா. பாய்." தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவாள். "மாமா பிறகு எடுக்கிறாராம்."